ஸ்கோர்கார்டில் ஹேண்டிகேப்: எழுத வேண்டியது யார், பிழைக்குப் பொறுப்பு யார்?

நெய்வேலிக்காரர்களுக்கு எடைமேடை புதிதல்ல. பழுப்பு நிலக்கரி ஏற்றிய லாரி மேடையில் ஏறியதும் மொத்த எடை தெரியும். வெறும் லாரியின் எடையை அதிலிருந்து கழித்தால் நிகர எடை. இந்த வெற்று எடையை யாராவது தவறாகக் குறித்துவிட்டால், மேடை எத்தனை துல்லியமாக இருந்தும் சீட்டில் வரும் நிகர எடை தவறுதான். கோல்ஃப் கிளப் போட்டிகளில் ஹேண்டிகேப் என்ற எண் இருப்பது இதே இடத்தில். ஆடி முடித்த மொத்த அடிகள் 'கிராஸ்'. அதிலிருந்து ஹேண்டிகேப்பைக் கழித்தால் 'நெட்'. கோப்பை யாருக்கு என்பதை நெட் தீர்மானிக்கிறது.

அப்படியானால் அந்த எண்ணைக் கார்டில் சரியாக எழுதும் பொறுப்பு யாருடையது? 2022 டிசம்பர் 31 வரை ஆட்டக்காரருடையது. 2023 ஜனவரி 1 முதல் போட்டியை நடத்தும் கமிட்டியுடையது. கோல்ஃப் விதிப்புத்தகத்தில் கிளப் ஆட்டக்காரர்களை நேரடியாகத் தொடும் மாற்றம் இதைப்போல் வேறொன்று அண்மையில் வரவில்லை. பழைய விதியில் பழகியவர்களுக்கு இது இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.

சுரங்க நகரங்களுக்கும் கோல்ஃபுக்கும் பழைய உறவு உண்டு. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலில் ஆங்கிலேயர் காலத்திலேயே கோல்ஃப் திடல் போடப்பட்டது. அசாமின் டிக்பாய் எண்ணெய் நகரிலும், ஜம்ஷெட்பூர் எஃகு நகரிலும் திடல்கள் உள்ளன. 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்தின் ஊழியர்கள் இன்று ராஜஸ்தானின் பர்சிங்சர், ஒடிசாவின் தலபிரா வரை பணியாற்றுகிறார்கள். அலுவலகத் தொடர்புகள் வழியாக, நாற்பது வயதுக்கு மேல் முதன்முறை கோல்ஃப் மட்டையைக் கையில் எடுப்பவர்கள் பொதுத்துறையில் குறைவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் நான்காம் இடம் பிடித்த அந்த 2021 ஆகஸ்ட் காலையில், கோல்ஃபை அதுவரை பார்த்திராத வீடுகளிலும் தொலைக்காட்சி ஓடியது. புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இந்தக் கார்டும் ஹேண்டிகேப்பும்தான்.

ஹேண்டிகேப்பின் நோக்கம் எளிது. எழுபத்தைந்து அடிகளில் முடிப்பவரும் நூறு அடிகளில் முடிப்பவரும் ஒரே போட்டியில் சமமாக மோத வேண்டும். அதற்காகத் திறன் குறைந்தவருக்குச் சில அடிகள் சலுகையாகக் கிடைக்கின்றன. இதை உலகம் முழுவதும் ஒரே கணக்கில் கொண்டுவர 2020-இல் உலக ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஆறு வெவ்வேறு முறைகள் இருந்தன. ஒருவர் கடைசியாகப் பதிவு செய்த 20 ஆட்டங்களில் சிறந்த 8-இன் சராசரியே அவருடைய ஹேண்டிகேப் இண்டெக்ஸ். அதன் உச்ச வரம்பு 54.0.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இண்டெக்ஸ் என்பது கார்டில் கழிக்கும் எண் அல்ல. ஊட்டியின் மேடுபள்ளமும் சென்னையின் சமதளமும் ஒன்றல்ல என்பதால், ஒவ்வொரு திடலுக்கும் 'கோர்ஸ் ரேட்டிங்', 'ஸ்லோப் ரேட்டிங்' என்று இரண்டு அளவுகள் உண்டு. ஸ்லோப் 55 முதல் 155 வரை இருக்கலாம், 113 நடுநிலை. இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து பாரை (திடலுக்கு நிர்ணயித்த அடிகளை) கழித்து வருவதைச் சேர்த்தால் அந்தத் திடலுக்கான 'கோர்ஸ் ஹேண்டிகேப்' வரும். அதோடும் முடியவில்லை. மொத்த அடிகளை எண்ணும் தனிநபர் ஸ்ட்ரோக் பிளே போட்டிக்கு அதில் 95 சதவீதம் எடுக்க வேண்டும். அதுதான் 'பிளேயிங் ஹேண்டிகேப்', உண்மையில் கழிக்க வேண்டிய எண்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருடைய இண்டெக்ஸ் 18.0. அவர் ஆடும் திடலின் ஸ்லோப் 128, கோர்ஸ் ரேட்டிங் 71.5, பார் 72. அவருடைய கோர்ஸ் ஹேண்டிகேப் 20. பிளேயிங் ஹேண்டிகேப் 19. ஒரே மனிதர், ஒரே நாள், மூன்று எண்கள். அவர் 91 அடிகளில் முடித்தால், 18-ஐக் கழிப்பவர் நெட் 73 என்பார், 20-ஐக் கழிப்பவர் 71 என்பார். சரியான விடை 72. மாதாந்திரப் போட்டியில் முதல் பரிசுக்கும் வெறுங்கைக்கும் இடையே இந்த ஓர் அடிதான் நிற்கும்.

பழைய விதி இதில் ஈவிரக்கம் பார்க்கவில்லை. ஹேண்டிகேப் எழுதாமல் கார்டைக் கொடுத்தால் நெட் போட்டியிலிருந்து தகுதி நீக்கம். உரியதைவிடக் கூடுதலாக எழுதி, அதனால் கிடைக்கும் அடிகள் கூடினாலும் தகுதி நீக்கம். குறைவாக எழுதிவிட்டால், அந்தக் குறைந்த எண்ணே நிலைக்கும், நஷ்டம் எழுதியவருக்கு. நான்கு மணி நேரம் வெயிலில் நடந்து வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடிவிட்டு, ஒரு கட்டம் காலியாக இருந்ததற்காகப் பெயர் அடிக்கப்பட்டவர்கள் உலகமெங்கும் உண்டு. அவர்கள் யாரையும் ஏமாற்றியவர்கள் அல்லர். கிளப் அலுவலகத்தின் கணினியில் அவர்களுடைய சரியான எண் இருந்துகொண்டேதான் இருந்தது.

கார்டு விஷயத்தில் கோல்ஃப் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957-இல் அமெரிக்காவின் விங்டு ஃபுட் திடலில் நடந்த மகளிர் ஓப்பன் போட்டியில் ஹவாயைச் சேர்ந்த ஜாக்கி பங் மிகக் குறைந்த அடிகளில் முடித்து வென்றதாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார். நான்காவது குழியில் அவர் எடுத்தது 6 அடி; உடன் ஆடி அவருடைய கார்டை எழுதிய மார்க்கர் குறித்தது 5. கார்டின் அடியில் இருந்த மொத்தம் என்னவோ சரியாகவே இருந்தது. ஆனால் கையெழுத்திட்டது தவறான குழிக் கணக்குக்கு. தகுதி நீக்கப்பட்டார்; பட்டம் பெட்சி ராவ்ல்ஸுக்குப் போனது. மனம் பொறுக்காத கிளப் உறுப்பினர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி ஜாக்கிக்குக் கொடுத்தார்கள்.

1968 மாஸ்டர்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்ஸோ, தன் 45-ஆவது பிறந்தநாளன்று, 17-ஆவது குழியை 3 அடிகளில் முடித்தார். மார்க்கர் டாமி ஆரோன் 4 என்று எழுதினார். கவனிக்காமல் கையெழுத்திட்டதால் 65 என்பது 66 ஆகவே நிலைத்தது. சமநிலை ஆட்டத்துக்குப் போயிருக்க வேண்டிய பட்டம் பாப் கோல்பிக்குச் சென்றது. 2003 பிரிட்டிஷ் ஓப்பனில் மார்க் ரோவும் யெஸ்பர் பார்னெவிக்கும் ஆட்டம் தொடங்கும் முன் கார்டுகளை மாற்றிக்கொள்ள மறந்தார்கள். அருமையாக 67 அடித்த ரோ வெளியேற்றப்பட்டார். 2024 பிப்ரவரியில் ஜோர்டான் ஸ்பீத், 4 அடி எடுத்த குழிக்கு 3 என்றிருந்த கார்டில் கையெழுத்திட்டு, ஜெனசிஸ் போட்டியிலிருந்து தகுதி நீக்கப்பட்டார்.

இந்த நான்கிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒரு குழியில் எத்தனை அடி என்பதை ஆடியவரும் பார்த்தவரும் மட்டுமே அறிவார்கள். கமிட்டிக்கு அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது என்பதால், கண்டிப்பு அங்கே நியாயம்தான். ஹேண்டிகேப் அப்படியல்ல. அது பதிவேட்டில் இருக்கும் எண். அதைக் கணக்கிடும் வசதி ஆட்டக்காரரைவிட அலுவலகத்துக்கே அதிகம். இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் பழைய விதியின் பிழை. அதைத் திருத்த 2023 வரை காத்திருந்ததுதான் வருத்தத்துக்குரியது.

இன்றைய விதி 3.3b சொல்வது இதுதான்: ஆட்டக்காரர் ஹேண்டிகேப்பைக் காட்ட வேண்டியதில்லை, மொத்தத்தைக் கூட்ட வேண்டியதும் இல்லை. எழுதி, அதில் தவறு நேர்ந்தாலும் தண்டனை கிடையாது. கூட்டுவது, சலுகை அடிகளைக் கணக்கிடுவது, நெட் காண்பது எல்லாம் கமிட்டியின் வேலை. ஆட்டக்காரருக்கு எஞ்சியிருப்பது ஒவ்வொரு குழியின் கிராஸ் எண்ணும் சரிதானா என்று பார்ப்பது, தானும் மார்க்கரும் கையெழுத்திடுவது, தாமதமின்றிக் கார்டைக் கொடுப்பது. கிளப்புகளில் பரவலாக ஆடப்படும், குழிதோறும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு போட்டிக்கும் இதுவே பொருந்தும். குழிக்குக் குழி புள்ளி போட்டுக்கொண்டே போகும் பழக்கம் ஆட்டத்தின் சுவைக்கு நல்லது. விதிப்படி தேவையானது குழியின் அடிகள்தான்.

இருவர் நேருக்கு நேர் மோதும் மேட்ச் பிளேயில் மட்டும் நிலைமை வேறு. அங்கே கார்டு கமிட்டியின் மேசைக்குப் போவதற்குள் வெற்றி தோல்வி திடலிலேயே முடிந்துவிடுகிறது. எனவே ஆட்டத்துக்கு முன் இருவரும் தங்கள் ஹேண்டிகேப்பை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். கூடுதலாகச் சொல்லி, உரிய நேரத்தில் திருத்தாமல், அதனால் கொடுக்கும் அல்லது பெறும் அடிகள் மாறினால் தகுதி நீக்கம் இன்றும் உண்டு. குறைத்துச் சொன்னவர் அந்தக் குறைந்த எண்ணோடுதான் ஆட வேண்டும். புதிய சலுகையைக் கேள்விப்பட்டு, எல்லாப் போட்டிக்கும் அது உண்டு என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னொரு பொறியும் உண்டு. எல்-2 என்ற மாதிரி உள்ளூர் விதியை ஒரு கிளப் ஏற்றுக்கொண்டால், ஹேண்டிகேப்பைக் கார்டில் காட்டும் பொறுப்பு மீண்டும் ஆட்டக்காரர் தலைக்கே வரும். கணினி வசதி இல்லாத, வெளியூர் விருந்தினர்கள் பலர் ஆடும் போட்டிகளில் கமிட்டிக்கு இது உதவலாம். ஆனால் உறுப்பினர்களின் இண்டெக்ஸ் முழுவதையும் கையில் வைத்திருக்கும் கிளப், தன் வேலையைக் குறைத்துக்கொள்வதற்காக மட்டும் இதைக் கொண்டுவருவது சரியல்ல.

பொறுப்பு கமிட்டிக்கு மாறியதால் கமிட்டியின் பிழையும் கனமாகிவிட்டது. தவறான ஹேண்டிகேப்பைக் கழித்து முடிவு அறிவிப்பது நிர்வாகப் பிழை. அதைத் திருத்தக் காலவரம்பே கிடையாது. போட்டி முடிந்து, பரிசு கொடுத்து, புகைப்படமும் எடுத்துவிட்ட பிறகும் திருத்தியே ஆக வேண்டும். வாங்கிய கோப்பையைத் திருப்பிக் கேட்கும் சங்கடத்தைவிட, முன்கூட்டியே சரிபார்ப்பது எளிது. எந்தத் தேதியின் இண்டெக்ஸ் கணக்கில் எடுக்கப்படுகிறது, எத்தனை சதவீதம், எந்த நிற டீயிலிருந்து (தொடக்க இடத்திலிருந்து) ஆட்டம் என்பவற்றை முதல் நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் பிளேயிங் ஹேண்டிகேப்பை அச்சடித்த கார்டையே கொடுக்கலாம். அப்போது பிழை இருந்தால் முதல் டீயிலேயே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

தெரியாமல் செய்யும் பிழையும் தெரிந்தே செய்யும் மோசடியும் வேறு வேறு. நல்ல ஆட்டங்களைப் பதிவு செய்யாமல் மறைத்து, மோசமானவற்றை மட்டும் ஏற்றி, இண்டெக்ஸை ஊதவைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கார்டில் கட்டத்தை யார் நிரப்பினாலும் அந்த எண் பொய்தான். உலக ஹேண்டிகேப் முறையில் இதற்குச் சில தடுப்புகள் உண்டு. கடந்த ஓராண்டின் மிகக் குறைந்த இண்டெக்ஸிலிருந்து 3 கூடிய பிறகு ஏற்றம் பாதியாகும். 5-க்கு மேல் ஏறவே முடியாது. தன் இண்டெக்ஸைவிட 7 அல்லது அதற்கு மேல் சிறப்பாக ஆடியவரின் இண்டெக்ஸ் உடனே கூடுதலாக இறங்கும். ஹேண்டிகேப் கமிட்டி நினைத்தால் ஒருவருடைய இண்டெக்ஸை மாற்றலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். ஆனால் உடன் ஆடுபவர்கள் பேசாமல் இருக்கும்வரை எந்தச் சூத்திரமும் முழுதாகக் காப்பாற்றாது.

அடுத்த முறை கிளப் போட்டிக்குப் போகிறவர்கள் ஆடத் தொடங்கும் முன் அலுவலகத்தில் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள்: இன்று என் பிளேயிங் ஹேண்டிகேப் எவ்வளவு? இங்கே எல்-2 விதி நடைமுறையில் இருக்கிறதா? இருந்தால் கார்டில் உங்கள் எண்ணை நீங்களே எழுத வேண்டும். இல்லையென்றால் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். பதினெட்டுக் குழிகளின் அடிகளை மட்டும் மார்க்கரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.