கூண்டுக் கிளி மௌனமானால் கவனம் தேவை

காலையில் ஆள் குரல் கேட்டதுமே கத்தத் தொடங்கும் கிளி, சில நாள்களாகக் கூண்டின் மூலையில் ஒடுங்கியே இருந்தால், வெயில் சூடு என்று விட்டுவிடக் கூடாது. தனிமையும் சலிப்பும் பறவைகளையும் வாட்டும்.

வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் பட்ஜி, காக்கட்டியல் கிளிகள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. அங்கு அவை கூட்டமாகப் பறந்து இரை தேடும். வீட்டில் அவற்றுக்கு மனிதர்கள்தான் கூட்டம். விடுமுறை முழுவதும் பிள்ளைகளோடு விளையாடிய பறவை, பள்ளி திறந்ததும் மாலை வரை தனியாகிவிடுகிறது. ஜோடிப் பறவையின் இறப்பு, வீடு மாறுவது, தூக்கமின்மை போன்றவையும் அதைப் பாதிக்கும்.

அறிகுறிகள்

சத்தம் குறைவது அல்லது ஓயாமல் அலறுவது, தீனியைத் தொடாதது, திடீரெனக் கடிப்பது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, தன் இறகைத் தானே பிடுங்குவது ஆகியவை முக்கியமானவை. தலை இறகை அதன் அலகு எட்டாது. அங்கும் இறகு கொட்டியிருந்தால் நோயாகவோ உடனிருக்கும் பறவையின் வேலையாகவோ இருக்கலாம்.

முதலில் மருத்துவர்

பறவைகள் நோயை மறைக்கும் இயல்புடையவை. உடல் நோயும் மனச்சோர்வும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். எனவே, பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டும். சிறிய பறவை ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால் தாமதிக்கவே கூடாது.

தடுக்கும் வழிகள்

கூண்டை வீட்டின் பின்புறத்தில் ஒதுக்காமல், ஆள் நடமாட்டமுள்ள வரவேற்பறையில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி வைக்கலாம். அடுப்புப் புகையும் நேரடி வெயிலும் படக் கூடாது. காலையும் மாலையும் சிறிது நேரம் பேசிப் பழக வேண்டும். சன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தினமும் வெளியே விடலாம்.

தீனியில் கொஞ்சத்தைக் காகிதத்தில் சுருட்டி வைத்தால், தேடித் தின்பதில் பொழுது போகும். விளையாட்டுப் பொருள்களை அவ்வப்போது மாற்றலாம். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் தேவை. நள்ளிரவு வரை தொலைக்காட்சி ஓடும் வீட்டில், கூண்டை வேறு அறைக்கு மாற்றுவது நல்லது.

துணைக்குப் புதிய பறவை வாங்கினால், நோய் தொற்றாமலிருக்கச் சில வாரங்கள் தனி அறையில் வைத்த பிறகே பழக்க வேண்டும்.

இறகு பிடுங்குவது பழக்கமாகிவிட்டால் நிறுத்துவது கடினம். தொடக்கத்திலேயே கவனித்தால் பறவையைக் காப்பாற்றலாம்.