கட்டளைக்குள் ஒளிந்திருக்கும் உறவு

2007 நவம்பர் 10. சிலி தலைநகர் சாண்டியாகோவில் ஐபீரிய-அமெரிக்க நாடுகளின் உச்சி மாநாடு. ஸ்பெயின் பிரதமர் சபதேரோ பேசிக்கொண்டிருக்கையில், வெனிசுலா அதிபர் ஹியூகோ சாவேஸ் மீண்டும் மீண்டும் இடைமறித்தார். பொறுமையிழந்த ஸ்பெயின் மன்னர் ஹுவான் கார்லோஸ், சாவேஸை நோக்கி 'போர் கே நோ தே கயாஸ்?' என்று கேட்டுவிட்டார். 'நீ ஏன் வாயை மூடிக்கொள்ளக் கூடாது?' என்பது அதன் பொருள். உலகெங்கும் செய்தியான அச்சொற்கள் கைப்பேசி அழைப்பொலியாகக்கூட உலா வந்தன.

வடிவில் அது வினா, பொருளிலோ கட்டளை. அதிலுள்ள 'தே' என்னும் ஓரெழுத்துச் சொல்தான் கவனத்துக்குரியது. 'உன்னை' என்று பொருள்படும் அச்சொல், பேசுபவர் எதிரிலிருப்பவரை 'நீ' என்றே விளிப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 'நீங்கள்' என்ற மரியாதை வடிவமாயின் அவ்விடத்தில் 'செ' வந்திருக்கும். ஒரு மன்னர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குடியரசுத் தலைவரை 'நீ' என்றதில் உரிமையும் இருக்கலாம், அலட்சியமும் இருக்கலாம்.

செயலின் பயன் செய்பவரையே சேர்வதை உணர்த்தும் இவ்வகை வினைகளைத் தற்சுட்டு வினைகள் எனலாம். ஸ்பானிய மொழியில் எழுவது, அமர்வது, குளிப்பது, உறங்கிப்போவது எல்லாம் பெரும்பாலும் இவ்வகையே. நம் மொழியின் 'கொள்' என்னும் துணைவினை இதற்குச் சற்றே நெருக்கமானது. 'மூடு' என்பதற்கும் 'மூடிக்கொள்' என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். அதுபோலவே ஸ்பானியத்தில் 'வே' என்றால் 'போ'. 'வேதே' என்றால் 'இங்கிருந்து போய்விடு'. 'துவேர்மே' என்றால் 'உறங்கு'. தாலாட்டுகளில் ஒலிக்கும் 'துவேர்மேதே' என்பதோ 'கண்ணயர்ந்துவிடு' என்று உறக்கத்தை அழைக்கும் சொல்.

'நீ' என்போருக்கு இடும் கட்டளையில் இந்தத் 'தே' வினையின் வாலாக ஒட்டிக்கொள்ளும். 'லெவாந்ததே' என்றால் எழுந்திரு. 'சியெந்ததே' என்றால் உட்கார். சொல் நீண்டாலும் ஒலியழுத்தம் பழைய இடத்திலேயே நிற்பதால், அதைக் காட்ட உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இடுவர். செய்யாதே என்று விலக்கும்போது எல்லாம் தலைகீழாகும். 'தே' வினைக்கு முன்னே நகரும். வினையும் விருப்பம், ஐயம் முதலியவற்றை உணர்த்தும் வேறொரு வடிவத்தை ஏற்கும். 'நோ தே லெவாந்தேஸ்' என்றால் எழாதே.

இந்த இடமாற்றம் காரணமற்றதன்று. பழைய ஸ்பானியத்தில் அழுத்தமில்லாத இத்தகைய சிறு சொற்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்பதில்லை. கட்டளை பெரும்பாலும் வினையிலேயே தொடங்குவதால், அவை வினைக்குப் பின்னே ஒதுங்கின. 'நோ' என்னும் மறுப்பு முன்னே வந்தால் அதன் பின்னால் நிற்க அவற்றுக்கு இடம் கிடைத்தது. மற்ற வாக்கியங்களில் அப்பழைய விதி மறைந்துவிட்டபோதும், கட்டளையில் அதன் சுவடு நிலைத்துவிட்டது.

விதி இத்துடன் முடிவதில்லை. நாட்டுக்கு நாடு அது உருமாறுகிறது. அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்குப் 'போஸ்' என்ற சொல்லே வழங்குகிறது. அங்கே 'சியெந்ததே' என்பது 'செந்தாதே' ஆகும். 'வேதே' என்பதற்கு 'அந்தாதே' என்பர். தமிழ்ச் செவிக்கு ஏதோ தடையுத்தரவுபோல் ஒலிக்கும் 'செந்தாதே', அங்கே விருந்தினரை அமரச் சொல்லும் அன்பழைப்பு!

ஸ்பெயினில் நெருக்கமானவர்கள் பலரை ஒருசேரப் 'போய்விடுங்கள்' என்று சொல்ல, 'இதோஸ்' என்பதே சரியென இலக்கணம் நெடுங்காலம் வலியுறுத்தியது. மக்களோ 'ஈரோஸ்' என்றே பேசினர். 1713-இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகம், 2017-இல் 'ஈரோஸ்' வடிவத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆனால், அந்த ஒரு வினைக்கு மட்டுமே அச்சலுகை. மற்ற வினைகளில் அத்தகைய வழக்கு இன்றும் பிழையாகவே கருதப்படுகிறது. மக்கள் நாவுக்கு முன் இலக்கணம் ஓரடி பின்வாங்கியது, ஓரடி மட்டுமே.

அயல்மொழி கற்போர் பலரும் வினைத்திரிபு அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதுமென எண்ணுகின்றனர். கைப்பேசிச் செயலிகளும் நொடியில் மொழிபெயர்த்துத் தந்துவிடுகின்றன. 'தே' எங்கே ஒட்டும், எங்கே விலகும் என்பதை அட்டவணை கற்றுத்தரும். யாரிடம் 'தே' சொல்லலாம், யாரிடம் 'செ' சொல்ல வேண்டும் என்பதை அந்த மொழியின் மக்களோடு பழகித்தான் கற்க வேண்டும். பிழையான வினைவடிவத்தைக் கேட்பவர் புன்னகையோடு மன்னித்துவிடுவார்; பிழையான விளியை அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார். 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாட்டைப் பேணும் மொழிக்குரிய நமக்கு இது புரியாததன்று.