உள்நாட்டு மாணவரும் இயற்பியல் கடலியலும்: ஒடுகத்தூரை முன்வைத்து ஒரு விளக்கம்

கடலியல் என்றவுடன் மீன், பவளம், பாசி பற்றிய படிப்பென்றே நம் மாணவருள் பலர் கருதுகின்றனர். பரங்கிப்பேட்டையின் கடல் உயிரியல் ஆய்வுகள் பெற்ற புகழும் இதற்கு ஒரு காரணமாகலாம். இயற்பியல் கடலியல் வேறு. கடல்நீரின் வெப்பம், உவர்ப்பு, அடர்த்தி, ஓட்டம், அலை, ஓதம் ஆகியவற்றைப் பாய்ம இயக்கவியலின் வழி ஆராய்வது அது. இதற்கு வேண்டிய தகுதி கடற்கரைப் பிறப்பன்று. நுண்கணிதமும் வெப்ப இயக்கவியலுமே.

ஒடுகத்தூர் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சவ்வாது மலைப்பகுதியை ஒட்டி உள்ளது. எனினும் புவிச் சுழற்சியால் விளையும் கொரியாலிசு விளைவு அகலாங்கையே பொறுத்தது. இவ்வூரும் இதற்கு நேர் கிழக்கிலுள்ள வங்கக்கடலும் ஏறத்தாழ 12.8 பாகை வடக்கில் அமைந்தவை. காற்று உந்திவிட்டு ஓய்ந்தபின் அக்கடல்நீர் வலப்புறம் வளைந்து ஒரு வட்டத்தை நிறைவுசெய்யும் காலத்தை, 12 மணியை அகலாங்கின் சைன் மதிப்பால் வகுத்துப் பெறலாம். விடை ஏறத்தாழ 54 மணி. துருவத்தில் அது 12 மணியே. இக்கணக்கை ஒடுகத்தூர் வகுப்பறையிலேயே போடலாம்.

உவர்ப்பை அளக்கும் முறையும் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. பச்சைத்தோல் உப்பிட்டுப் பாதுகாக்கப்படுவதால், தோலை முதலில் ஊறவைக்கும் நீரில் உப்பு மிகுதி. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி ஆய்வகங்களில் கழிவுநீரில் கரைந்துள்ள உப்பை அதன் மின்கடத்துதிறனைக் கொண்டு மதிப்பிடுவர். ஆழ்கடலில் இறக்கப்படும் கருவியும் மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் அளந்தே உவர்ப்பைத் தருகிறது. ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆறுகளின் நன்னீரால் வங்கக்கடலின் வடபகுதி மேற்பரப்பில் இவ்வளவு குறைகிறது. உவர்ப்புக் குறைந்த இம்மெல்லிய படலம் கீழுள்ள நீருடன் எளிதிற் கலவாது. ஆதலின் புயற்காற்று வீசும்போதும் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருவது தடைப்படுகிறது. மேற்பரப்பில் தங்கும் வெப்பம் புயலுக்கு ஆற்றலாகிறது. வேலூர் மாவட்டத்துக்கு மழை தரும் வடகிழக்குப் பருவகாலப் புயல்களை ஆராய்வோர் இதனை விட்டுவிட இயலாது.

தமிழ்ச் சொற்களில் ஓர் எச்சரிக்கை. காற்றால் எழுவது அலை. நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் எழுவது ஓதம். பாடநூலில் இரண்டையும் ஒன்றாக்கினால் சமன்பாடுகளே குழம்பும்.

1952இல் யூஜின் லாஃபாண்ட் என்னும் அமெரிக்கக் கடலியலாளர் ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் விசாகப்பட்டினத்தில் இத்துறை வளர்ந்தது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இதனைப் பயிலலாம். சென்னையில் 1993இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பட்டது. கடல்நிலை முன்னறிவிப்பும் ஆழிப்பேரலை எச்சரிக்கையும் வழங்கும் தேசிய மையமோ கடலற்ற ஐதராபாத்தில் இயங்குகிறது.