குடும்பப் போட்டோ அலங்காரப் பரிசு: பொருளோடு சொல்லிக் கொடுக்க வேண்டியவை



கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று பண்டிகைகள் வரிசையாக வரும் மாதங்களில், நமது திண்டுக்கல் பேன்சி, ஸ்டேஷனரி கடைகளுக்கு ஒரு கேள்வியோடு வருபவர்கள் உண்டு. "தாத்தா, பாட்டி போட்டோவை வைத்து வீட்டிலேயே ஒரு தொங்கட்டம் செய்து பரிசாகக் கொடுக்கணும். என்னென்ன சாமான் வேண்டும்?" என்பதே அது. கிறிஸ்தவக் குடும்பத்தார் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடச் செய்கிறார்கள். மற்றவர்கள் அறுபதாம் கல்யாணத்துக்கும், புதுமனை புகுவிழாவுக்கும் செய்கிறார்கள். நாம் பெரும்பாலும் பசை, கற்கள், ரிப்பன் என்று எடுத்துக் கொடுத்துப் பில் போட்டு விடுகிறோம். அது போதாது என்பதை அனுபவத்தில் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வத்தலக்குண்டு பக்கமிருந்து ஓர் அம்மா நமது கடைக்கு வந்து இந்தச் சாமான்களை வாங்கிப் போனார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். அவருடைய தகப்பனாருக்கு இருந்ததே ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். அதையே வட்டமாக வெட்டி, பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டியிருக்கிறார். ஈரத்தில் படம் ஊறி உப்பி, முகமே உரிந்து விட்டது. அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. "இதைச் சரி பண்ண ஏதாவது சாமான் இருக்கா அண்ணாச்சி?" என்றுதான் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. பசையை விற்ற அன்று, "எந்தப் படத்தை ஒட்டப் போகிறீர்கள் அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் படம் தப்பியிருக்கும்.

படத்தை அலங்கரிப்பது நமக்குப் புதிதல்ல. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமி, சரஸ்வதி படங்களை வெளியிட்ட பின், அந்தப் படங்களுக்கு ஜரிகைத் துணியால் சேலை உடுத்தி, சமிக்கியும் மணியும் தைத்துச் சட்டம் போட்டு மாட்டும் வழக்கம் வீடுகளில் பரவியது. ஆனால் அச்சுப்படம் கெட்டால் கடையில் வேறொன்று வாங்கலாம். குடும்பப் போட்டோ அப்படியல்ல. பழைய ஸ்டுடியோக்கள் பல மூடப்பட்டபோது அவற்றின் நெகடிவ்களும் போய்விட்டன. வீட்டில் இருக்கும் ஒரு பிரதிதான் மிச்சம்.

முதல் வேலை நகல்

ஆகவே, அசல் படத்தில் கத்தரியோ பசையோ படக்கூடாது. ஸ்டுடியோவில் கொடுத்து நகல் எடுக்கலாம். செல்போனிலும் எடுக்கலாம். வெயில் நேராக விழாத, வெளிச்சமுள்ள திண்ணையில் படத்தைச் சமமாக வைத்து, பிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். பிரேமில் உள்ள படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுக்கச் சொல்லுங்கள். பழைய போட்டோத் தாளின் மேல் ஜெலட்டின் பூச்சு உள்ளது. ஈரம் பட்டால் அது இளகிக் கண்ணாடியில் பிடித்துக் கொள்ளும். இழுத்தால் படம் கண்ணாடியோடு போய்விடும். நகலில் இரண்டு பிரதி போடுவது நல்லது. ஒன்று வீணானாலும் வேலை நிற்காது.

செய்யும் முறை

5 அங்குல எம்பிராய்டரி வளையம் ஒன்று போதும். நமது சின்னாளபட்டி சுங்குடியில் ஒரு துண்டை அதில் இழுத்து மாட்டினால் அழகான பின்னணி கிடைக்கும். நகலை 3 அங்குல வட்டமாக வெட்டி, அதே அளவு கெட்டி அட்டையில் ஒட்ட வேண்டும். பசையை அட்டையில் மெல்லியதாகத் தடவி, படத்தை மேலே வைத்து, ஓர் இரவு கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் சுருங்காது. இங்க்ஜெட் பிரிண்டாக இருந்தால் மை கரையலாம். முதலில் ஓரத்தில் ஈர விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரைந்தால் பசைக்குப் பதில் இரு பக்கமும் ஒட்டும் டேப் கொடுங்கள். செல்லோடேப் வேண்டாம். நாளடைவில் மஞ்சளாகிக் கறை விடும்.

அட்டையைத் துணியின் நடுவில் பதித்த பின், கற்களையும் மணிகளையும் முகத்தில் படாமல் ஓரத்தைச் சுற்றி ஒட்டலாம். பசைத் துப்பாக்கியின் சூடு படத்தின் மேல் படக்கூடாது. ஜரிகைக் கயிறு கட்டினால் தொங்கட்டம் தயார். பின்பக்கம் படத்தில் இருப்பவர் பெயர், உறவு, ஊர், ஆண்டு எழுதி வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கும் ஆளைத் தெரியும். வெயில் படும் இடத்திலும் அடுப்படியிலும் மாட்ட வேண்டாம் என்பதையும் சொல்லி விடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: படத்தில் இருப்பவர் நலமாக இருக்கிறாரா, காலமானவரா? உயிரோடு இருக்கும் பெரியவர் படத்துக்குச் சந்தன மாலை மாதிரி அலங்காரம் செய்து விட்டால், பரிசு கொடுக்கப் போன இடத்தில் மனவருத்தம் வந்து சேரும். அவர்களுக்கு முத்து, ரிப்பன், கற்கள் எடுத்துக் கொடுப்பதே முறை.

வியாபார வழி

வளையம், துணி, அட்டை, கற்கள், கயிறு ஆகியவற்றை ஒரே பொட்டலமாகப் போட்டால், நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை சில்லறைக் கடைக்காரர்களுக்கும் விற்பது சுலபம். முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்பதானால் 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகள் பொருந்தும். பொட்டலமிடுபவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, மாதம், ஆண்டு, எல்லா வரிகளும் சேர்ந்த விலை, புகார் தொடர்பு விவரம் ஆகியவை மேலே இருக்க வேண்டும்.

அத்துடன் "அசலை ஒட்டாதீர்கள், நகலை ஒட்டுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டையும் உள்ளே வையுங்கள். நமது கடையில் அந்த அம்மா வந்து போன பிறகு, பசை கேட்டு வருபவரிடம் எந்தப் படம் என்று கேட்டு விட்டுத்தான் பையன்கள் பில் போடுகிறார்கள். உங்கள் கடையிலும் இதைப் பழக்கப்படுத்தும்படி அன்புடன் கேட்டுக் கொள்கிறோம்.