மின்சாரத்தை ‘ஊதி அணைக்கும்’ வாயு

போர்டிக்சன் கடலோரத்தில் துவாங்கு ஜாபார் மின்நிலையம் இருப்பது தெரியும்தானே? அங்கிருந்து கிளம்பும் உயரழுத்த மின்சாரத்தை அவசரத்துக்கு நிறுத்துவது வீட்டு சுவிட்ச் மாதிரி சுலபமில்லீங்க. பிரேக்கரின் தொடுமுனைகள் பிரிந்தாலும், இடையில் மின்வில் எரிந்துகொண்டே இருக்கும். 10,000 டிகிரியைத் தாண்டும் பிளாஸ்மா அது. அணையாவிட்டால் பிரேக்கரே வெடிக்கலாம்.

நம்ம மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். அந்தக் கணத்தைக் குறிவைத்து வாயுவைப் பீய்ச்சி அடிப்பார்கள். சீராக ஓடும் வாயு வில்லின் ஓரத்தைத்தான் குளிர்விக்கும். சுழித்துக் கலங்கி ஓடும்போதுதான் குளிர்ந்த வாயு உள்ளே புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். மெழுகுவர்த்தியை ஊதுகிற கதைதான், வேகம் மட்டும் பயங்கரம்!

இதற்குப் பரவலாகப் பயன்படுவது சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு. கசிந்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 24,000 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதனால்தான் மாற்று வாயு தேடுறாங்க.