காசு வாங்காத மருத்துவர்

கிழக்கு உரோமைப் பேரரசின் தலைநகராக ஒரு காலத்தில் விளங்கிய நிக்கோமேதியாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மித் நகரில், 303ஆம் ஆண்டு பேரரசர் தியோகிளேசியன் தொடங்கிய கிறிஸ்தவ எதிர்ப்பு நடவடிக்கைகளின்போது கொல்லப்பட்டவராகப் போற்றப்படும் புனித பந்தலேயோன், தொழிலால் மருத்துவர். விசுவாசத்திற்காக உயிர்நீத்தவரை மறைசாட்சி என்பது கிறிஸ்தவ வழக்கு. ஏறத்தாழ 305ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அவரது மரணத்தைப் பற்றி வரலாறு தரும் செய்தி மிகச் சிறிது; ஆனால் அடுத்த ஆயிரம் ஆண்டுகளில் கிரேக்க நாட்டிலிருந்து ஜெர்மானிய நாடுகள்வரை பரவிய அவரது வணக்கம், நோயுற்றவர்கள் ஒரு மருத்துவரிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்பதற்கு நிறைவான சான்றாக நிற்கிறது.

மரபு கூறும் கதையின்படி, பந்தலேயோனின் தந்தை பழைய தெய்வங்களை வணங்கியவர், தாய் கிறிஸ்தவர். புகழ்பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் மருத்துவம் பயின்று அரண்மனையின் நன்மதிப்பைப் பெற்ற அந்த இளைஞர், மறைந்து வாழ்ந்த எர்மோலாவுஸ் என்னும் குருவால் மனம் மாறி, தம் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கட்டணம் பெறாமல் மருத்துவம் செய்யத் தொடங்கினார். பல மருத்துவர்களிடம் சென்றும் பயன்பெறாத பார்வையற்ற ஒருவரை அவர் குணப்படுத்தியபோது, சக மருத்துவர்களே பொறாமையால் அவரைப் பேரரசரிடம் காட்டிக்கொடுத்தார்கள் என்று கதை தொடர்கிறது. தீயும் நீரும் விலங்குகளும் அவரைத் தீண்ட மறுத்தன என்பதும், தலை வெட்டப்பட்டபோது குருதிக்குப் பதில் பால் வழிந்தது என்பதும், அவர் கட்டப்பட்டிருந்த ஒலிவ மரம் காய்த்துக் குலுங்கியது என்பதும் மறைசாட்சிகளின் வரலாறுகளில் வழக்கமாக வரும் அற்புதங்களை ஒத்தவை. அவற்றைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது, தொழில்முறை மருத்துவர்களின் மீது அக்கதை வைக்கும் குற்றச்சாட்டே. தன் உடைமையையெல்லாம் மருத்துவர்களுக்குச் செலவிட்டும் நலமடையாத ஒரு பெண்ணைப் பற்றி மாற்கு நற்செய்தியே பேசுகிறது. அந்தப் பழைய மனக்குறை இக்கதையின் அடியில் உயிரோடு ஓடுகிறது.

பணம் பெறாமல் நோய் தீர்த்த புனிதர்களைக் கிரேக்கத் திருச்சபை 'அனார்கிரோய்', அதாவது வெள்ளிக்காசைத் தொடாதவர்கள், என்ற தனி வகுப்பாகவே வைத்துப் போற்றியது. இரட்டையரான கோஸ்மாஸ், தமியான், எகிப்தில் வணங்கப்பட்ட சைரஸ், யோவான் ஆகியோரோடு பந்தலேயோனும் இவ்வகுப்பைச் சேர்ந்தவர். பொஸ்போரஸ் நீரிணையின் கரையில் சிதைந்து கிடந்த அவரது ஆலயத்தை ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியன் புதுப்பித்தார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதுகிறார். பத்தாம் நூற்றாண்டில் சிமியோன் மெட்டாபிராஸ்டிஸ் அவரது வாழ்க்கையைச் செம்மையான நடையில் திருத்தி எழுதினார். ஸ்கோப்யே நகருக்கு அருகிலுள்ள நெரேசியில், கொம்னேனோஸ் அரச குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சியோஸ் 1164இல் எழுப்பிய ஆலயம் அவர் பெயரைத் தாங்கியது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனின் முகத்தோடு முகம் வைத்துத் தாய் அழும் அவ்வாலயச் சுவரோவியம், பைசாந்தியக் கலையில் மனிதத் துயரம் எட்டிய உச்சங்களில் ஒன்று.

கிழக்கத்திய ஓவியங்களில் பந்தலேயோன் தாடியில்லாத, சுருள்முடி கொண்ட இளைஞராக, ஒரு கையில் மருந்துப் பெட்டியும் மறு கையில் சிறு கரண்டியும் ஏந்தியே காட்சி தருகிறார். வானகம் சென்ற பின்னும் அவர் தம் கருவிகளைக் கீழே வைக்கவில்லை என்பது, விசுவாசத்தை மருத்துவத்துக்குப் பகையாக அச்சமூகம் கருதவில்லை என்பதற்குச் சான்று. பேரரசர் இரண்டாம் யோவான் கொம்னேனோஸ் 1136இல் கான்ஸ்டான்டிநோபிளின் பந்தோக்ராத்தோர் துறவு மடத்துக்கு வகுத்த விதிமுறைகள் ஐம்பது படுக்கைகளும் ஊதியம் பெறும் மருத்துவர்களும் கொண்ட மருத்துவமனையை விவரிக்கின்றன. நோயாளிகளிடம் கட்டணம் பெறாமல் சிகிச்சை அளித்த அவ்விடம், அனார்கிரோய் புனிதர்களின் இலட்சியத்தை நிறுவனமாக்கிய முயற்சி என்றே கொள்ளலாம்.

மேற்கு நாடுகளுக்கு அவர் சென்ற வழிகள் வேறு. கொலோன் நகரில் பத்தாம் நூற்றாண்டில் பேராயர் புரூனோ நிறுவிய பெனடிக்டைன் மடம் அவருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பைசாந்தியத்திலிருந்து வந்து இரண்டாம் ஒட்டோவை மணந்த பேரரசி தியோஃபானு 991இல் இறந்தபோது, தம் தாயகத்துப் புனிதரின் அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தென் இத்தாலியின் ரவேல்லோ பேராலயத்தில் அவரது குருதி என்று நம்பப்படும் திருப்பண்டம், அதாவது புனிதரின் உடலோடு தொடர்புடையதாக வணங்கப்படும் பொருள், ஒரு குப்பியில் காக்கப்படுகிறது. அது ஆண்டுதோறும் அவரது திருநாளான ஜூலை 27ஐ ஒட்டி உருகிச் செந்நிறம் பெறும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. கீழை நாடுகளோடு கடல் வாணிகம் செய்த அமால்ஃபிக் கடற்கரை ஊர் ஒன்றில் கிழக்கத்தியப் புனிதரின் வணக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை.

பதினான்காம் நூற்றாண்டின் நடுவே ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோய்க்காலத்தில், மருத்துவர்கள் கையறு நிலையில் நின்றபோது, ஜெர்மானிய நாடுகளில் இடுக்கண் தீர்க்கும் பதினான்கு புனிதர்களை ஒருசேர வேண்டும் பழக்கம் வலுப்பெற்றது. அவர்களுள் பந்தலேயோனும் இடம்பெற்றார். ஆயினும் அங்கே அவரது உருவம் பெரும்பாலும் மருந்துப் பெட்டியை இழந்து, இரு கைகளையும் தலைமேல் வைத்து ஆணியடிக்கப்பட்ட கோலத்தில் வடிக்கப்பட்டது. கிழக்கு குணமாக்கும் கையை வணங்கியது. மருந்து எதுவும் பலிக்காததைக் கண்ட மேற்கு, தன்னைப்போலவே வதைபட்ட உடலிடம் ஆறுதல் தேடியது. பாரிஸின் அறுவை மருத்துவர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அமைத்த சங்கம் பாதுகாவலர்களாகத் தேர்ந்தது பந்தலேயோனை அல்ல, கோஸ்மாஸையும் தமியானையுமே. ஃபிளாரன்சின் மெடிசி குடும்பமும் அந்த இரட்டையரையே போற்றியது. தொழில் சங்கங்களின் ஆதரவில் அவர்கள் முந்திச் சென்றாலும், உடல் மெலிந்து தேயும் நோயால் வாடியவர்களும் பேறுகால உதவி செய்த மருத்துவச்சிகளும் பந்தலேயோனைத் தொடர்ந்து வேண்டினர். கிழக்கத்தியத் திருச்சபைகளில் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசும் சடங்கின் மன்றாட்டில் அவரது பெயர் இன்றும் அனார்கிரோய் புனிதர்களின் வரிசையில் ஓதப்படுகிறது.