பொதி கட்டுவோர்

கணினியில் ஒற்றை வரி ஆணையைத் தட்டிவிட்டு, சில விநாடிகளில் ஒரு செயலி வந்து அமர்வதைக் கண்டு திருப்தியுறும் நமக்கு, அதை எழுதியவர் ஒருவர், நம் கணினிக்கு ஒத்துப்போகும்படி கட்டி அனுப்பியவர் இன்னொருவர் என்ற பேதம் சிந்தையில் உதிப்பதே இல்லை. அந்த இரண்டாமவரின் உழைப்பை அறிய விரும்புவோர்க்கு டெபியன் லினக்ஸ் என்னும் இயங்குதளத் தொகுப்பு தக்க திருஷ்டாந்தம். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர், தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் பிணைத்து நாமகரணம் செய்த அத்தொகுப்பில் இன்று ஏறக்குறைய 70,000 பொதிகள் இருக்கின்றன. அவற்றைப் பராமரிப்போரில் பெரும்பாலோர் ஊதியம் கருதாத தன்னார்வலர்.

பொதி என்பது வெறும் மூட்டையன்று. மூல நிரலோடு பராமரிப்பாளர் தம் கைப்பட எழுதிய சில கோப்புகளும் சேர்ந்தால்தான் அது பொதி. இச்செயலி இயங்க வேறு எந்த நிரலகங்கள், எந்தப் பதிப்புக்குக் குறையாமல் வேண்டும் என்று ‘கண்ட்ரோல்’ கோப்பு சொல்லும். என்ன மாறியது, மாற்றியவர் யார், எந்த நாள், எந்த நேரம் என்று ‘சேஞ்ச்லாக்’ சொல்லும். உரிம விவரங்களைத் தொகுக்கும் ‘காப்பிரைட்’ கோப்புதான் பொறுமையின் பரீட்சை. ஒருவர் எழுதிய நிரலுக்குள் வேறு பலரிடம் கடன் வாங்கிய துண்டுகள் ஒளிந்திருக்குமாதலால், ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் திறந்து பார்த்தேயாக வேண்டும். இத்தனைக்கும் பிறகு பொதி போய்ச் சேருமிடம் ‘சிட்’ என்னும் சோதனைக் களம். ‘டாய் ஸ்டோரி’ படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர் அது, வைத்தவர்கள் அனுபவசாலிகள்!

மூல ஆசிரியர் எழுதியதில் கை வைப்பதா, விடுவதா என்பதே இத்தொழிலின் தீராத தர்மசங்கடம். ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்தில், மதிப்பு இடப்படாத நினைவகம் வாசிக்கப்படுவதாகச் சோதனைக் கருவியொன்று முறையிட்டது. 2006-இல் டெபியன் பராமரிப்பாளர் மூல நிரலாளர்களின் அஞ்சற்குழுவில் வினவி, ஆட்சேபமின்மை கண்டு, இரண்டு வரிகளைச் செயலிழக்கச் செய்தார். அவற்றுள் ஒன்றே, கணிக்கவொண்ணாத தரவுகளையெல்லாம் இரகசியச் சாவியின் வித்தில் கலக்கும் வரி என்பது அப்போது எவர்க்கும் உறைக்கவில்லை. வித்தில் எஞ்சியது, இயங்கும் நிரலுக்குக் கணினி இடும் அடையாள எண் மட்டுமே. ஆகவே, ஒரே கட்டமைப்புள்ள கணினிகளில், ஒரே வகையும் நீளமும் கொண்ட சாவிகளில் 32,767-க்கு மேல் பிறக்கவே வழியில்லாமற் போயிற்று. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது கணினிக்கு ஒரு சிரமமா?

லூசியானோ பெல்லோ என்ற டெபியன் நிரலாளர் கண்டறிந்து, 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியாகும்வரை, உபுண்டு உட்பட டெபியன்வழித் தொகுப்புகளும் இதே குறையைச் சுமந்தன. தனியொருவரின் அஜாக்கிரதை என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமன்று. கேட்டுச் செய்தவர் அவர். அவருக்குப் பின்னால் இருந்து அந்த இரண்டு வரிகளை மறுபடி வாசிக்க வேண்டிய கண்கள்தாம் வாசிக்கவில்லை.

திருத்திய பதிப்பு வந்தபின்னும், முன்பே பிறந்த பலவீனச் சாவிகள் சேவைக் கணினிகளில் புழங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அடையாளங்கண்டு மறுக்க ஒரு விலக்குப் பட்டியல் தயாரித்தார்கள். அந்தப் பட்டியலையும், தங்கள் வழக்கப்படியே, ஒரு பொதியாகக் கட்டித்தான் அனுப்பினார்கள்.